14 எதற்கு, 7 போதும்: கோல்ஃப் கிளப் வாங்கக் கிளம்பியவர்களுக்கு

போன இதழில் பேச்சோடு பேச்சாக கோல்ஃப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒரே விஷயம்தான், காசை ரொம்பக் கரைக்காமல் கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) வாங்க முடியுமா என்று. முடியும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் மேனேஜர் உட்பட நாலு பேர் சனிக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) வாடகைக் கிளப்பை வைத்து அடித்துப் பார்த்தேன், பிடித்திருக்கிறது. கையில் 25 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. கடையில் கேட்டால் ஒரு டிரைவருக்கே (ரொம்பத் தூரம் அடிக்கிற கிளப்) அது பத்தாது சார் என்கிறார்கள். மாதம் இரண்டு தடவைக்கு மேல் நான் ஆடப் போவதில்லை. என்ன வாங்கலாம்?
- வாசகர், பெருங்குடி, சென்னை

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகளின் புது மாடல் டிரைவர் அமெரிக்காவிலேயே 600 டாலர் வாக்கில் விற்கிறது, அது வரியெல்லாம் கட்டி நம் ஊர்க் கடைக்கு வந்து சேரும்போது 50 ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆனால் உங்களுக்கு இப்போது டிரைவரே வேண்டாம், அதனால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. 14 இருந்தே ஆகவேண்டும் என்று எங்கேயும் இல்லை. 1938-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இந்த உச்சவரம்பைக் கொண்டுவந்ததே, ஆட்டக்காரர்கள் இருபது, இருபத்தைந்து என்று அடுக்கிக்கொண்டே போனதால்தான் (சுமந்தவர் கேடி என்கிற உதவியாளர், அவரை யாரும் கேட்கவில்லை). அயர்ன் என்பது தட்டையான உலோகத் தலை வைத்த கிளப், எண் கூடக் கூடப் பந்து போகும் தூரம் குறையும். தொழில்முறை ஆட்டக்காரருக்கு 6 அயர்னுக்கும் 7 அயர்னுக்கும் பத்து கஜம் வித்தியாசம் துல்லியமாக வரும். நமக்கு இரண்டும் ஒரே தூரம்தான் போகும், சில நாள் 7 அயர்ன்தான் அதிக தூரம் போகும். பிறகு எதற்கு இரண்டு?

நான் சொல்வது இந்த ஏழு: ஒரு 5 வுட் (பெரிய தலை, தூர அடிக்கு), ஒரு ஹைபிரிட் (வுட்டும் அயர்னும் கலந்தது), 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்து அடிக்கு), சாண்ட் வெட்ஜ் (மணல் குழியிலிருந்து எடுக்க), பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்ட). அரை செட் என்று கடையில் கேட்டால் கிட்டத்தட்ட இதைத்தான் எடுத்து வைப்பார்கள், அதில் டிரைவரைத் திணித்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரைவரின் முகம் (பந்தில் படும் பக்கம்) ஏறக்குறைய செங்குத்து, சாய்வு 10 டிகிரி சொச்சம்தான், தண்டோ 45 அங்குலம். 7 அயர்னுக்குச் சாய்வு 30 டிகிரி வாக்கில், தண்டு 37 அங்குலம். தண்டு நீள நீள முனை நம் சொல்பேச்சு கேட்காது, சாய்வு குறையக் குறையப் பந்து பக்கவாட்டில் சுழன்று வலது பக்க மரங்களுக்குள் போவது அதிகமாகும். 5 வுட்டின் சாய்வு 18 டிகிரி, தண்டும் குட்டை. பந்தை டீயில் (தரையில் குத்தும் சின்ன முளை) வைத்து அதால் அடித்தால் டிரைவரைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும், ஆனால் புல்வெளியில் விழும், அடுத்த ஷாட்டுக்குப் பந்து இருக்கும்.

இன்னும் பயமாக இருந்தால் 7 அயர்னும் பட்டரும் மட்டும் வாங்கி மூன்று மாதம் ஓட்டுங்கள். ஸ்பெயினின் செவே பாலெஸ்டெரோஸ் சிறுவனாக இருந்தபோது அண்ணன் கொடுத்த ஒரே ஒரு 3 அயர்னை வைத்துக்கொண்டு ஊர்க் கடற்கரை மணலில் எல்லா ஷாட்டையும் பழகினார், பின்னாளில் ஐந்து மேஜர் பட்டங்களை (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளுக்கு மேஜர் என்று பெயர்) ஜெயித்தார். இதைப் படித்துவிட்டு 3 அயர்ன் வாங்கிவிடாதீர்கள், பையில் அதைவிடப் பிடிவாதமான கிளப் கிடையாது, இப்போது கடைகளிலேயே அதன் இடத்தை ஹைபிரிட் பிடித்துக்கொண்டுவிட்டது.

அயர்ன் எடுக்கும்போது தலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் குடைந்து எடுத்தது போல் பள்ளமாக இருந்தால் கேவிட்டி பேக், பள்ளமே இல்லாமல் வழவழவென்று மெல்லியதாக இருந்தால் பிளேடு. உங்களுக்கு வேண்டியது பள்ளம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவர், எடையை நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தள்ளிவிட்டால் பந்து நடுவில் படாத அடியிலும் தலை முறுக்கிக்கொள்ளாது என்று முதலில் பட்டரில் செய்து காட்டினார், பிறகு அயர்னுக்கும் கொண்டுவந்தார். அவர் ஆரம்பித்த கம்பெனிதான் பிங். பிளேடு அழகாக இருக்கும், மறுக்கவில்லை. நடுவில் படாமல் போனால் விரல் நுனி வரை ஜிவ்வென்று அதிரும்.

பழைய மாடல் வாங்கினால் ஆட்டம் கெட்டுவிடுமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 2004-லிருந்தே டிரைவர் தலையின் பருமனுக்கு 460 சி.சி. என்று விதியே வரம்பு போட்டுவிட்டது, முகம் பந்தைத் துள்ளவிடும் வேகத்துக்கும் வரம்பு உண்டு. விளம்பரம் சொல்வது போல் வருடத்துக்குப் பத்து கஜம் கூடியிருந்தால் சென்னையில் அடித்த பந்து இந்நேரம் செங்கல்பட்டில் விழவேண்டும். பத்து வருடம் ஆன கேவிட்டி பேக் அயர்ன் உங்களுக்கும் எனக்கும் தாராளம்.

சரி, காசுக் கணக்கு. 25 ஆயிரத்தில் 15 ஆயிரத்துக்கு மேல் கிளப்புக்குப் போடாதீர்கள். ஊருக்கு ஊர் விலை மாறும், ஆனாலும் செகண்ட் ஹேண்டில் நல்ல அரை செட் அந்த விலையை ஒட்டிக் கிடைக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். புதுசுதான் வேண்டும் என்றால் டெகாத்லானின் இனெசிஸ் இருக்கிறது, ஆரம்ப நிலைக் கிளப்புகளைத் தனித்தனியாகவே வாங்கலாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் நிற்க வெட்கமாக இருக்கிறதா? நீங்கள் முதல் ஷாட் அடித்த பிறகு உங்கள் பையை யாரும் பார்க்கப் போவதில்லை.

மிச்சம் 10 ஆயிரத்தை கோச்சுக்கும் ரேஞ்ச் பந்துக்கும் வையுங்கள், இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். இந்திய கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி சான்று பெற்ற கோச்சுகள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். பிடிப்பும் நிற்கும் விதமும் சரியாக அமைய நாலைந்து வகுப்பு போதும். யூடியூப் பார்த்துப் பழகிய பிடியை ஒரு வருடம் கழித்து மாற்றுவது புது செட் வாங்குவதைவிடச் செலவு.

கேள்வி: ஆன்லைனில் ஒருவர் பிரபல பிராண்ட் முழு செட், பேக்கிங் பிரிக்காதது, 18 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். உள்ளூரில் ஒருவர் பத்து வருடப் பழைய செட்டுக்கு 20 ஆயிரம் சொல்கிறார். புதுசு விலை குறைவாக இருக்கும்போது பழசை எதற்கு வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் அந்தப் புதுசு அநேகமாக போலி. ஒரு லட்சத்துக்கு மேல் விற்கிற செட்டை யாரும் பிரிக்காமல் 18 ஆயிரத்துக்குத் தரமாட்டார்கள். கோல்ஃப் கிளப்பில் போலி ரொம்ப நாளாக நடக்கிற வியாபாரம், பெயின்ட், ஸ்டிக்கர், பை என்று எல்லாம் அச்சு அசலாக இருக்கும். டிரைவருக்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்துப்போய் அடிக்கும் முகத்தில் வையுங்கள். டைட்டானியம் என்று சொன்னதில் காந்தம் ஒட்டிக்கொண்டால் அது இரும்பு, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

உள்ளூர்க்காரரை நேரில் போய்ப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். அயர்ன்களை எண் வரிசையில் சுவரில் சாய்த்து வைத்தால் ஒவ்வொன்றும் அரை அங்குலம் குறைந்துகொண்டே படிக்கட்டாக வரவேண்டும். நடுவில் ஒரு படி தப்பினால் அந்தத் தண்டை யாரோ உடைத்து மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிளப்பையும் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பசை உதிர்ந்திருக்கலாம், தலையைப் பிடித்து லேசாகத் திருகினால் அசையக்கூடாது. ஸ்டீல் தண்டில் மேலோட்டமான துரு பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் வேண்டாம். கிராஃபைட் தண்டு என்றால் தலையோடு சேரும் இடத்தில் நகத்தை வைத்துத் தடவுங்கள், விரிசல் இருந்தால் மாட்டும். கிரிப் (கைப்பிடி உறை) கல்லாக இறுகிப் பளபளத்தால் அதற்காக வாங்காமல் வந்துவிடாதீர்கள், கிரிப் மாற்றுவது சின்ன வேலை, ஆனால் ஏழு கிரிப்பின் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள். கீறல், பெயின்ட் உரிந்தது, இதெல்லாம் நமக்கு லாபம்.

வெட்ஜில் மட்டும் முகத்துக் கோடுகள் மழுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள், பந்துக்குப் பிடிமானம் தருவது அவைதான்.

20 ஆயிரம் சொல்வது முழு செட்டுக்கு என்றால் பேரத்தில் இன்னும் இறங்கும். முழு செட்டாகவே வாங்கினாலும் பாதியைப் பரணில் போட்டுவிட்டு ஏழோடு போங்கள்.

கேள்வி: அண்ணா, இங்கே டல்லாஸில் எல்லாரும் கோல்ஃப் ஆடுகிறார்கள். கடைக்குப் போனால் முதலில் உங்கள் ஸ்விங்கை கம்ப்யூட்டரில் அளக்க வேண்டும் என்கிறான். அவ்வளவு செய்ய வேண்டுமா? ஊருக்கு வரும்போது என் அண்ணனுக்கும் ஒரு செட் கொண்டுவரலாமா?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: தம்பி, நீங்கள் இருப்பது இந்த விஷயத்தில் சொர்க்கம். அளவெடுப்பது நல்ல விஷயம்தான், ஆனால் ஸ்விங் ஒரு நிலைக்கு வந்த பிறகு. ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு விதமாக இருக்கும்போது கம்ப்யூட்டர் எதை அளக்கும்? முதலில் இரண்டு மூன்று தடவை டாப்கோல்ஃப் என்கிற ரேஞ்சுக்குப் போங்கள், கிளப் அங்கேயே கிடைக்கும், தனியாகக் காசு இல்லை. பிடித்தால் பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ், குட்வில் மாதிரி செகண்ட் ஹேண்ட் கடைகளில் தேடுங்கள், கேலவே கம்பெனியே தன் பழைய கிளப்புகளைத் தரம் பிரித்து இணையத்தில் விற்கிறது. கராஜ் சேலில் பத்து இருபது டாலருக்கு நல்ல பட்டர் கிடைத்த கதைகள் நிறைய உண்டு. பெட்டி செட்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ராட்டா, வில்சன் இரண்டும் ஆரம்பக்காரர்களுக்காகவே செய்தவை, எந்தக் குறையும் இல்லை.

அண்ணனுக்குக் கொண்டுவருவது பற்றி: பல விமானங்களில் கோல்ஃப் பையை எடை வரம்புக்குள் இருந்தால் ஒரு சாதாரண லக்கேஜாக எடுத்துக்கொள்வார்கள், டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். டிரைவரின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துணிக்குள் வையுங்கள், முடியாவிட்டால் எல்லாவற்றையும்விட நீளமாக ஒரு குச்சியைப் பைக்குள் நிறுத்திவிடுங்கள், பை தலைகீழாக விழுந்தாலும் அடி குச்சிக்குத்தான். அண்ணனின் உயரத்தைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், பாசம் மட்டும் போதாது.

கேள்வி: தாத்தா தோட்டத்தில் வேலை பார்த்தபோது ஆடிய செட் வீட்டில் இருக்கிறது. மரத்தலை வைத்த மூன்று, தோல் சுற்றிய பிடி, 2 முதல் 9 வரை அயர்ன். இதை வைத்தே ஆரம்பித்தால் செலவே இல்லையே?
- வாசகி, குன்னூர்

பதில்: ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த மரத்தலைகள் பெர்சிமன் மரமாக இருக்கும். 1979-ல் டெய்லர்மேட் உலோகத் தலை டிரைவரை விற்க ஆரம்பித்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மரம் கிட்டத்தட்ட ஒழிந்தே போனது. தலை சின்னது, நடுவில் பட்டால் அந்தச் சத்தத்துக்கு ஈடே இல்லை, படாவிட்டால் ஒன்றுமில்லை. மரம் ஈரம் குடித்து, தலையும் தண்டும் சேரும் இடத்து நூல் சுற்று தளர்ந்திருக்கும், உங்கள் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். அவற்றை ஆடாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன் எல்லாம் பிளேடாகத்தான் இருக்கும், 2, 3, 4 பக்கம் போகவே வேண்டாம்.

9 அயர்னுக்குப் புது கிரிப் போட்டால், குழி இருக்கும் கிரீனைச் சுற்றி நன்றாகவே உதவும். செட்டில் பட்டர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டருக்கு வயதே கிடையாது. ஒரு கேவிட்டி பேக் 7 அயர்ன், ஒரு ஹைபிரிட், ஒரு சாண்ட் வெட்ஜ் மட்டும் செகண்ட் ஹேண்டில் சேர்த்தால் பக்கத்து வெலிங்டன் மைதானத்தில் யாரோடும் ஆடலாம்.

கேள்வி: கிரிக்கெட்டில் நான் இடது கை பேட்ஸ்மேன், எழுதுவது சாப்பிடுவது எல்லாம் வலது கை. கோல்ஃபுக்கு எந்தக் கிளப்?
- வாசகர், திருச்சி

பதில்: எழுதுகிற கையை மறந்துவிடுங்கள், பேட் பிடித்த பக்கம்தான் முக்கியம். அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சனுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் வலது கை, கோல்ஃப் மட்டும் இடது, சின்ன வயதில் அப்பா எதிரே நின்று ஆடியதைக் கண்ணாடியில் பார்ப்பது போல் அப்படியே பழகிவிட்டார், ஆறு மேஜர் ஜெயித்தார். நம் ஊரில் தொழில்முறை வீராங்கனை தீக்ஷா தாகர் இடது பக்கம் ஆடுகிறவர்தான்.

சிக்கல் விலையில் இருக்கிறது. இடது பக்கக் கிளப் செகண்ட் ஹேண்டில் அபூர்வம், ரேஞ்சில் வாடகைக்கும் பெரும்பாலும் இருக்காது. அதனால் முதலில் வலது பக்கம் நின்று இரண்டு கூடை பந்து அடித்துப் பாருங்கள். உடம்பு ஒத்துக்கொண்டால் அப்படியே போங்கள், வாங்குவதும் விற்பதும் சுலபம். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், இடது பக்க 7 அயர்ன் ஒன்று தேடி வாங்கி, மீதியை வருகிறபோது ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கேள்வி: என் கணவர் புது செட் வாங்கிக்கொண்டு பழையதை எனக்குத் தருகிறார். என் உயரம் 5 அடி 2 அங்குலம், அவர் 5 அடி 11. காசு மிச்சம் என்கிறார்.
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: காசு யாருக்கு மிச்சம் என்று கேளுங்கள்! அவருடைய பட்டரையும் சாண்ட் வெட்ஜையும் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றது வேண்டாம். பெண்களுக்கான கிளப் பொதுவாக ஓர் அங்குலம் குட்டை, தண்டு இலேசான கிராஃபைட், வளைவும் (வீசும்போது வளைந்துகொடுப்பது) அதிகம். அவருடைய ஸ்டீல் தண்டை நீங்கள் வீசினால் பத்தாவது பந்திலேயே தோள் வலிக்கும், பந்தும் எழும்பாது, கோல்ஃபே நமக்கு வராது போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நிறையப் பெண்கள் இந்த விளையாட்டை விடுவதற்கு இப்படி வீட்டுக்குள்ளேயே கைமாறிய செட் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும். 'லேடீஸ்' என்று எழுதியிருப்பதாலேயே வாங்கிவிட வேண்டாம். தண்டின் வளைவு ஸ்விங் வேகத்தைப் பொறுத்தது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்ததல்ல. பேட்மின்டன், டென்னிஸ் ஆடிப் பழகிய வேகமான கை என்றால் சீனியர் வளைவு என்று சொல்கிற அடுத்த ரகத்தையும் அடித்துப் பாருங்கள். நேராக நின்று மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்துகொண்டு கடைக்குப் போனால் நீளம் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்கு என் பழைய கிளப்பை அறுத்துக் கொடுக்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். நீளம் குறையும், தலையின் எடை குறையாது, தண்டு இன்னும் விறைப்பாகிவிடும். சிறுவர் கிளப் இரண்டு மூன்று வாங்கினால் போதும், இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான், அப்போது அதையே இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு விற்றுவிடலாம்.

கேள்வி: பந்து, ஷூ, கிளவ்ஸ் இதெல்லாம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும்? காரிலேயே கிளப்பை வைத்திருக்கலாமா?
- மூன்று நான்கு பேர்

பதில்: பந்துக்குச் செலவு செய்யாதீர்கள். தொலைந்த பந்துகளைப் பொறுக்கிக் கழுவி விற்பார்கள், கேடிகளிடமும் கிடைக்கும், விலை குறைந்த இரண்டடுக்குப் பந்து போதும். ஒரு ரவுண்டில் ஆறேழு காணாமல் போனாலும் மனசு வலிக்காத விலையில் இருக்கவேண்டும், அதுதான் அளவுகோல். ஷூ முதலில் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும், ஆனால் காலர் வைத்த டி-ஷர்ட் இல்லாமல் பல கோல்ஃப் மைதானங்களில் உள்ளே விடமாட்டார்கள், போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கிளவ்ஸ் ஒரு கைக்கு மட்டும்தான், வலது பக்கம் ஆடுகிறவர்களுக்கு இடது கைக்கு. நம் ஊர் வேர்வைக்கு இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ரொம்ப நாள் வரும்.

கார் டிக்கியில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் உள்ளே ஏறுகிற சூட்டில் தலையைப் பிடித்திருக்கும் பசை இளகும், கிரிப் காய்ந்துபோகும். கடலோர ஊர்க்காரர்கள் ஆடி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்து வீட்டுக்குள் வையுங்கள். தலைக்கு உறை போடுவதாக இருந்தால் காய்ந்த பிறகு போடுங்கள்.